சந்தா கட்டியவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை: பெர்க்ஷயர் அருங்காட்சியகம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிட்ஸ்ஃபீல்ட் ஒரு சிறிய நகரம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 44,737 பேர். காகித ஆலை முதலாளி ஜீனாஸ் கிரேன் 1903-இல் அந்த ஊருக்காகத் தொடங்கியது பெர்க்ஷயர் அருங்காட்சியகம். ஓவியங்கள், இயற்கை வரலாற்று மாதிரிகள், எகிப்திய மம்மி, வட்டாரப் பழம்பொருள்கள், மீன்காட்சிக்கூடம் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த இடம் அது.

2017 ஜூலையில் அருங்காட்சியகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. சேகரிப்பிலிருந்து 40 கலைப்பொருள்களை சோத்பிஸ் ஏல நிறுவனத்தின் வழியாக விற்பது, வரும் தொகையில் 4 கோடி டாலரை மூலநிதியாக (முதலைக் காத்து, ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துச் செலவிடும் நிதியாக) வைப்பது, 2 கோடி டாலரில் கட்டடத்தையும் காட்சிகளையும் புதுப்பிப்பது என்பதே அது. விற்பனைப் பட்டியலில் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த 2 ஓவியங்கள் இருந்தன. ராக்வெல் அதே மாவட்டத்தில், ஸ்டாக்பிரிட்ஜில் வாழ்ந்தவர். முடிதிருத்தும் கடை ஓவியத்தை 1959-இலும், கொல்லுப்பட்டறை ஓவியத்தை 1966-இலும் தம் கையாலேயே இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர்.

நிர்வாகம் சொன்ன காரணம் பற்றாக்குறை. சராசரியாக ஆண்டுக்கு 11.5 லட்சம் டாலர் துண்டு விழுவதாகவும், இப்படியே போனால் சில ஆண்டுகளில் கதவை மூட நேரும் என்றும் கூறியது. ஊர் இரண்டுபட்டது. ராக்வெலின் மகன்களும் அருங்காட்சியகத்தின் உறுப்பினர்கள் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் கீழமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கொடுத்தவரின் வாரிசுகளுக்கும் வழக்குத் தொடரும் தகுதி இல்லை, சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும் இல்லை. அறநிறுவனச் சொத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் தகுதி மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கே உண்டு. ஆனால் அவர் கேட்ட தடையையும் அந்த நீதிமன்றம் கொடுக்கவில்லை. மேல்முறையீட்டில் நவம்பர் 10 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. ஏலம் நவம்பர் 13-க்குக் குறிக்கப்பட்டிருந்தது.

அந்தத் தடை நிலைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் அருங்காட்சியகமும் உடன்பாட்டுக்கு வந்தன. ஏப்ரல் 5 அன்று மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், 5.5 கோடி டாலர் சேரும் வரை விற்கலாம் என்று அனுமதித்தார். முடிதிருத்தும் கடை ஓவியத்தை லூக்காஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அந்த ஓவியம் பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும், சில காலம் ஸ்டாக்பிரிட்ஜில் உள்ள நார்மன் ராக்வெல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது உடன்பாட்டின் பகுதி. மொத்தம் 22 பொருள்கள் விற்று, 5 கோடியே 32.5 லட்சம் டாலர் கைக்கு வந்தபின் விற்பனை முடிந்தது. அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2018 மே மாதம் தண்டனை நடவடிக்கை எடுத்தது: அதன் உறுப்பு நிறுவனங்கள் பெர்க்ஷயருக்குப் பொருள் இரவல் தரக்கூடாது, சேர்ந்து கண்காட்சி நடத்தக்கூடாது.

நிர்வாகம் சரியா, எதிர்த்தவர்கள் சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. சந்தா, தன்னார்வ உழைப்பு, நன்கொடை என்று ஓர் ஊர் தன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் ஆதரவில் எது உண்மையில் தாங்குகிறது, எது நெருக்கடி வரும் நாளில் கையை விரிக்கிறது? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாதாரண ஆண்டுகளில், இன்ன செலவுக்கு என்று நோக்கம் கட்டாமல், தவறாமல் வரும் பணமும், கொடுக்கும்போதே எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனையும், சரிபார்த்த பதிவேடும்தான் தாங்குகின்றன. கொந்தளிப்பு வந்தபின் காட்டும் அன்புக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு.

சந்தாவின் கணக்கு

ஒரு சந்தாவில் அட்டை, அஞ்சல், ஊழியர் நேரம், உறுப்பினர் இலவசமாக உள்ளே வருவதால் இழக்கும் நுழைவுக் கட்டணம் எல்லாம் கழித்து 30 டாலர் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். பல சிறு அருங்காட்சியகங்களில் அவ்வளவு மிஞ்சாது. 11.5 லட்சம் டாலர் பற்றாக்குறையை இதை வைத்தே அடைக்க 38,334 சந்தாக்கள் வேண்டும். பிட்ஸ்ஃபீல்டில் கைக்குழந்தை முதல் முதியோர் இல்லத்தில் இருப்பவர் வரை எண்ணினாலே 44,737 பேர்தான். ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா என்பதே வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது நடக்கிற காரியம் இல்லை.

அதே பற்றாக்குறையை மூலநிதியின் வருவாயால் அடைப்பதென்றால், ஆண்டுக்கு 4.5 சதவீதம் எடுப்பதாகக் கொண்டால் சுமார் 2.56 கோடி டாலர் வேண்டும். பெரும்பாலான அறநிறுவனங்கள் 4 முதல் 5 சதவீதம்தான் எடுக்கும். அதுவும் கடந்த 3 ஆண்டுகளின் சராசரி மதிப்பின் மீது எடுக்கும். சந்தை சரிந்த ஆண்டில் வரவுசெலவுத் திட்டம் தலைகீழாகாமல் இருக்க இந்தச் சராசரி முறை.

அப்படியானால் சந்தா எதற்கு? சந்தாப் பணத்துக்கு நோக்கம் கட்டப்படுவதில்லை. மின்கட்டணத்துக்கும் கூரை ஒழுகலுக்கும் காப்பீட்டுக்கும் அதைச் செலவிடலாம். மானியம் தரும் அமைப்புகள் இவற்றுக்குத் தருவது அரிது. பெருநன்கொடையாளர்கள் இவற்றுக்குத் தம் பெயரை வைக்கவும் விரும்புவதில்லை. அடுத்து, உறுப்பினர் பட்டியல்தான் அருங்காட்சியகத்தின் தொடர்புப் பட்டியல். உயில் எழுதி வைப்பவர்கள், வீட்டுப் பரணில் இருக்கும் ஆவணங்களைக் கொண்டுவருபவர்கள், தன்னார்வலர்கள் எல்லோரும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறார்கள். மூன்றாவதாக, நகராட்சியோ அறக்கட்டளையோ மானியம் தரும்முன் பார்க்கும் முதல் எண்களில் ஒன்று, ஊரில் எத்தனை வீடுகள் தம் பணத்தைப் போட்டிருக்கின்றன என்பது.

ஆகவே உறுப்பினர் எண்ணிக்கையைவிடப் புதுப்பிப்பு விகிதத்தைக் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் இரண்டாம் ஆண்டில் உதிர்வார்கள். இரண்டாம் முறை புதுப்பித்தவர் பொதுவாக நிலைத்துவிடுவார். உழைப்பை எங்கே செலவிடுவது என்பதற்கு இதுவே வழிகாட்டி: சேர்ந்த முதல் 12 மாதங்களில் உறுப்பினர் ஒரு முறையாவது உள்ளே வந்திருக்க வேண்டும், ஒரு முறையாவது பெயர் சொல்லி அழைக்கப்பட்டிருக்க வேண்டும். நினைவூட்டல் முடிவு நாளுக்கு 60 நாள் முன்பு ஒன்று, 30 நாள் முன்பு ஒன்று, முடிவு நாளன்று ஒன்று, முடிந்து 30 நாளில் ஒன்று. நான்காவதை ஒரு மனிதர் தொலைபேசியில் சொல்வது நல்லது. மூன்று கடிதத்துக்கு அசையாதவர் பல நேரங்களில் ஒரு அழைப்பில் புதுப்பித்துவிடுவார், ஏனென்றால் பெரும்பாலும் காரணம் மறதிதான்.

இதில் வழுக்கும் இடங்கள் தெரிந்தவையே. எல்லாச் சந்தாவும் டிசம்பர் 31-இல் முடியும்படி வைத்தால் ஜனவரியில் வேலை குவிந்து, பாதிப் பேருக்கு நினைவூட்டலே போகாது. சேர்ந்த தேதியிலிருந்து 12 மாதம் என்று வைத்தால் வேலை பரவும். தானியங்கிப் புதுப்பிப்பு வைத்தால் வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தைத் தனிப் பத்தியில் குறித்து, அதற்கு 45 நாள் முன்பே எழுத வேண்டும். கணவன் பெயரில் ஒரு பதிவு, மனைவி பெயரில் இன்னொரு பதிவு என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கடிதம் போனால், அந்த வீடு அருங்காட்சியகத்தின் கவனத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும். சலுகைகளை அடுக்கிச் சந்தாவை விற்பதையும் நாங்கள் ஆதரிப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை கட்டணம் கட்டி வரக்கூடியவருக்கு மலிவுச் சந்தாவும் விருந்து அழைப்பும் தந்தால், அருங்காட்சியகம் அவரிடம் நட்டப்படுகிறது.

அமெரிக்க வரிவிதிகளின் சில அளவுகளை உறுப்பினரும் பொறுப்பாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 75 டாலர் அல்லது அதற்குக் குறைந்த ஆண்டுச் சந்தாவில் இலவச நுழைவு போன்ற வழக்கமான சலுகைகளின் மதிப்பைக் கழிக்கத் தேவையில்லை. 75 டாலருக்கு மேல் கட்டி, பதிலுக்கு விருந்தோ பொருளோ பெற்றால், அதன் மதிப்பு எவ்வளவு என்று அருங்காட்சியகம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால், எழுத்துமூல ஒப்புகை இல்லாமல் வரிவிலக்குக் கேட்க முடியாது.

பொருளாகக் கொடுப்பது

பெர்க்ஷயரில் ஊரின் நெஞ்சில் தைத்தது இந்தப் பகுதிதான். ஓவியர் தம் அண்டை ஊருக்குக் கொடுத்த ஓவியம் எப்படி ஏலத்துக்குப் போக முடியும் என்று மக்கள் கேட்டார்கள். போக முடிந்தது. கொடுத்துவிட்ட பொருளின் உரிமை அருங்காட்சியகத்துடையது. கொடுத்தவரின் எதிர்பார்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதைக் கட்டுப்பாடாக எழுதி வைக்காவிட்டால் அது எதிர்பார்ப்பாகவே நிற்கும். இன்னொரு சிக்கலும் இருந்தது. அருங்காட்சியகத்தின் தாய் அமைப்புக்கு 1871-இல் மாநிலம் இயற்றிய சட்டம், அதன் சொத்துகளைப் பிட்ஸ்ஃபீல்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றது. அருங்காட்சியகம் தனி அமைப்பாகப் பிரிந்தது 1932-இல். எனவே விற்பனைப் பட்டியலில் உள்ள பொருள்களில் எவை அந்த ஆண்டுக்கு முன் வந்தவை, எவை பின் வந்தவை என்பது வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் (எந்தப் பொருள் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எழுதும் ஏட்டில்) ஒரு தேதிக்கு இருக்கும் எடையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பொருள் கொடுக்க விரும்புகிறவர் போகவேண்டிய வழி இது. முதலில் பொருளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படம், அளவு, யாருடையது, எங்கே எப்போது பயன்பட்டது என்ற விவரத்தை அனுப்புங்கள். மூடியிருக்கும் நேரத்தில் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகள் எந்தச் சேகரிப்புப் பொறுப்பாளருக்கும் கெட்ட கனவு, ஏனென்றால் உரிமையாளர் தெரியாத பொருளைச் சேர்க்கவும் முடியாது, தூக்கிப்போடவும் முடியாது. பார்வைக்கு விட்டுச்சென்றால் தற்காலிகப் பொறுப்பு ரசீது வாங்குங்கள். அதில் எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார்கள், வேண்டாம் என்றால் யார் செலவில் திரும்பும் என்று இருக்க வேண்டும்.

சேகரிப்புக் குழு ஏற்றபின் தானப் பத்திரம். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கொடுத்தவருக்கு ஒரு பிரதி வர வேண்டும். பல பேர் இந்தப் பிரதியை வாங்குவதே இல்லை. பத்திரத்தில் பொருளின் விவரம், முழு உரிமை மாறுகிறது என்ற வாசகம், பதிப்புரிமை யாருக்கு என்ற வாசகம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கடிதக் கட்டைக் கொடுத்தால் தாள் மாறுகிறது. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை தானாக மாறாது. அதை எழுதாவிட்டால், 20 ஆண்டு கழித்து அந்தக் கடிதத்தை அச்சிட விரும்பும் அருங்காட்சியகம் சிதறிப்போன வாரிசுகளைத் தேடி அலையும்.

நிபந்தனை விஷயத்தில் அருங்காட்சியகங்கள் கண்டிப்பானவை. எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், என் தாத்தா பெயரில் தனி அறை வேண்டும் என்றால் நல்ல அருங்காட்சியகம் மறுக்கும். மறுப்பதும் நியாயம். காகிதத்தையும் துணியையும் எப்போதும் வெளிச்சத்தில் வைத்தால் அவை அழியும். ஆனால் ஏற்கத்தக்க நிபந்தனை ஒன்று உண்டு: சேகரிப்பிலிருந்து விலக்க முடிவெடுத்தால், சந்தைக்குப் போகும்முன் அதே மாவட்டத்திலோ மாநிலத்திலோ உள்ள மற்றொரு பொது நிறுவனத்துக்கு முதலில் தர முன்வர வேண்டும் என்பது. இன்னும் வலுவாக வேண்டுமென்றால், அருங்காட்சியகம் விற்க முயன்றால் உரிமை குறிப்பிட்ட இன்னொரு அறநிறுவனத்துக்குப் போய்விடும் என்று எழுதலாம். அந்த நிறுவனம் அப்போது வெளியாளாக இல்லாமல் பத்திரத்தில் பெயர் உள்ள தரப்பாக நீதிமன்றத்தில் நிற்கும். இதற்கு அறநிறுவனச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்.

மதிப்பீடு பற்றி: 5,000 டாலருக்கு மேல் வரிவிலக்குக் கேட்டால், தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் தேவை. பொருளைப் பெறும் அருங்காட்சியகமே மதிப்புச் சொல்ல முடியாது. அப்படிக் கொடுத்த பொருளை 3 ஆண்டுகளுக்குள் அருங்காட்சியகம் விற்றால், 8282 படிவத்தில் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கொடுக்கும்முன் வீட்டில் செய்யும் நல்லெண்ணச் சேதங்கள் நிறைய. பித்தளையைத் துலக்குவது, துணியைத் துவைப்பது, கிழிந்த கடிதத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுவது, படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதுவது எல்லாமே திருப்ப முடியாதவை. படத்தில் இருப்பவர் பெயர் தெரிந்தால் தனித்தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறமே எழுதியாக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பழைய படச்சுருள் இருந்தால் அஞ்சலில் அனுப்பாமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் பிலிம் சிதைவதன் அறிகுறி, மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. துணி, கம்பளி, மரச்சாமான் பூச்சியோடு வரலாம். பாலித்தீன் உறையில் காற்று போகாமல் மூடி, −30 டிகிரி செல்சியஸில் 3 நாள், வீட்டு உறைபெட்டிபோல −18 டிகிரிதான் எட்டும் என்றால் 2 வாரம் வைப்பார்கள். வெளியே எடுத்தபின்பும் அறை வெப்பத்துக்கு வரும்வரை 24 மணி நேரம் உறையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் பொருளின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஓவியம், கண்ணாடி, பல பொருள் சேர்ந்து செய்தவை இந்த முறைக்கு ஆகாதவை.

தன்னார்வலர் உழைப்பு எங்கே பலன் தரும்

வரவேற்பு மேசை, வழிகாட்டல், விழா நாள் வேலை ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவை தேவைதான், நீட்டத் தேவையில்லை. அருங்காட்சியகத்தின் தலைவிதியை மாற்றக்கூடிய தன்னார்வ வேலை சேமிப்பறையில் இருக்கிறது: கையிருப்புச் சரிபார்ப்பு. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாருடையது என்று தெரியாத நிறுவனம் தன் சேகரிப்பைக் காக்கவும் முடியாது, அதை விற்க வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குச் சான்று தரவும் முடியாது.

வேலை எப்போதும் இருவர் சேர்ந்து: ஒருவர் பொருளைத் தொடுவார், மற்றவர் எழுதுவார். எழுதுபவர் பொருளைத் தொடமாட்டார். சேமிப்பறைக்குள் பேனா கிடையாது, பென்சில் மட்டும். உலோகத்துக்கும் ஒளிப்படத்துக்கும் நைட்ரைல் கையுறை. காகிதத்துக்குக் கழுவி நன்கு உலர்ந்த வெறுங்கையே நல்லது. பருத்திக் கையுறையில் விரலின் உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழிகிறது.

முதலில் இடங்களுக்கு எண் கொடுக்க வேண்டும்: அறை, அடுக்கு, தட்டு என்று 2-07-4 போல. பிறகு ஒரு தட்டின் இடது ஓரத்திலிருந்து தொடங்கி வலப்பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணைத் தேடு. இருந்தால் இருப்பதுபோலவே எழுது, பிழை தெரிந்தாலும் திருத்தாதே. எண் இல்லையென்றால் தற்காலிக எண்ணுள்ள அட்டையைப் பருத்தி நூலால் கட்டு. ஊகித்து ஒரு சேர்க்கை எண்ணைப் பொருத்துவதுதான் மிகப் பெரிய குற்றம். அது தவறாக இருந்தால், ஒரு பொருளின் வரலாறு இன்னொன்றின் மேல் ஏறி, பின்னால் யாராலும் பிரிக்க முடியாமல் போகும். அடுத்து ஒரு வரி விவரம், அளவுகோலும் எண்ணும் தெரியும்படி ஒரு படம், பிறகு பொருள் அதே இடத்துக்கு.

பொருளின் மேலேயே எண் எழுதுவது தனிப் பயிற்சி. பாராலாய்டு பி-72 பிசின் கரைசலை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்ந்ததும் மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனால் அகற்றலாம். அசிட்டோனில் கரையக்கூடிய பிளாஸ்டிக்கிலும் அரக்குப் பூச்சிலும் இது கூடாது. துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைப்பது, காகிதத்துக்குப் பின்புறம் பென்சில்.

நேரக் கணக்கைப் பாருங்கள். முழு விவரப் பதிவுக்கு ஒரு பொருளுக்கு 15 நிமிடம் என்றால், 3 மணி நேர அமர்வில் இருவர் 12 பொருள் முடிப்பார்கள். ஆண்டுக்கு 40 வாரம், வாரம் ஒரு அமர்வு என்றால் 480. பத்தாயிரம் பொருள் உள்ள சிறு அருங்காட்சியகத்துக்கு ஒரு இணை 20 ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும். யாரும் அவ்வளவு நாள் இருக்கமாட்டார்கள். எண், இடம், ஒரு வரி, ஒரு படம் என்று 5 நிமிடத்தில் முடிக்கும் முதல் சுற்றை வைத்தால், அமர்வுக்கு 36, ஆண்டுக்கு 1,440. இரண்டு இணைகள் மூன்றரை ஆண்டில் முடித்துவிடும். ஆகவே முதல் சுற்றில் யாரும் எதையும் ஆராயக்கூடாது. இது ஆர்வமுள்ளவர்களுக்கு மிகக் கடினம். சுவையான ஒரு கடிதம் கையில் கிடைத்தால் அன்றைய அமர்வு அதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவற்றைத் தனிப் பட்டியலில் குறித்து, மாதம் ஒரு அமர்வை அவற்றுக்கென்றே ஒதுக்கினால் ஆர்வமும் கெடாது, சுற்றும் நிற்காது.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். நடுவில் ஒருவர் தட்டை அழகாக அடுக்கிவிடுவார், அதுவரை எழுதிய இடங்கள் பொய்யாகும். தேதியை ஒருவர் 3/4/52 என்று எழுதுவார், அது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு தெரியாது. ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வரிசையைக் கட்டாயமாக்குங்கள். படக்கோப்புகள் கேமரா கொடுத்த பெயரிலேயே தேங்கும். அமர்வு முடிந்து வீட்டுக்குப் போகும்முன் ஒவ்வொரு கோப்புக்கும் பொருளின் எண்ணையே பெயராக வைக்க வேண்டும், மறுநாள் என்றால் நடக்காது.

தன்னார்வலர் நேரத்தைக் கையெழுத்துப் பதிவேட்டில் எழுதி வைப்பதும் பணம்தான். பல மானியங்கள் நிறுவனத்தின் பங்காக உழைப்பு மணிகளை ஏற்கின்றன. ஆனால் தேதியும் மணியும் வேலையும் கையெழுத்தும் உள்ள பதிவேடு இருந்தால் மட்டுமே.

பணமாகக் கொடுப்பது, கணக்கைப் படிப்பது

புதிய கண்காட்சிக்கு என்று கொடுக்கும் பணம் கண்காட்சிக்கே போக வேண்டும். அதே ஆண்டு கொதிகலன் பழுதானால் அந்தப் பணத்தைத் தொட முடியாது. நிதி இருந்தும் திவாலாகும் நிறுவனங்கள் இப்படித்தான் உருவாகின்றன. உங்களுக்கு ஒரு நோக்கம் முக்கியம் என்றால் நன்கொடையில் ஒரு பங்கை, எங்கள் கருத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது, பொது நிதிக்கு ஒதுக்குங்கள். நோக்கம் கட்டும்போது, அந்த நோக்கம் நிறைவேற்ற முடியாமல் போனால் அதற்கு மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்கு நிர்வாகக் குழு பயன்படுத்தலாம் என்ற வாசகத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் சிறு தொகைகள் நீதிமன்ற அனுமதிக்குக் காத்துத் தேங்கும்.

கொடுக்கும்முன் கணக்கைப் படிப்பது அவமதிப்பு இல்லை. அமெரிக்க அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொது ஆவணம். எட்டாம் பகுதியில் 1பி வரியில் சந்தாவும், 1சி வரியில் நிதிதிரட்டு நிகழ்ச்சிகளும், 1இ வரியில் அரசு மானியமும், 1எஃப் வரியில் மற்ற நன்கொடைகளும் தனித்தனியாக இருக்கும். டி அட்டவணையின் மூன்றாம் பகுதி சேகரிப்பைப் பற்றியது, ஐந்தாம் பகுதி மூலநிதியைப் பற்றியது. ஐந்து ஆண்டுப் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூலநிதியிலிருந்து எடுப்பது ஆண்டுக்கு ஆண்டு கூடி, சந்தா வரி அசையாமல் நின்றால், ஏல அறிவிப்புக்குப் பல ஆண்டு முன்பே உங்களுக்கு நிலைமை தெரிந்துவிடும்.

சேகரிப்பு யாருடைய கடனுக்குப் பிணையாகக் கூடும் என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் அருங்காட்சியகத்துக்கு நேர்ந்தது இதுதான். பீங்கான் நிறுவனம் 2009-இல் நொடித்தபோது, அருங்காட்சியக அறக்கட்டளையின் ஒரு சில ஊழியர்கள் நிறுவனத்தின் கூட்டு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காரணத்தால், 13.4 கோடி பவுண்டு பற்றாக்குறை முழுவதும் அறக்கட்டளையின் தலையில் விழுந்தது. சேகரிப்பை விற்றுக் கட்டலாம் என்று 2011-இல் நீதிமன்றம் சொன்னது. 2014-இல் கலைப்பொருள் வாங்க உதவும் அறநிறுவனமான கலை நிதியம் 1.575 கோடி பவுண்டு திரட்டி அதை மீட்டது. பெரும்பகுதி அமைப்புகளிடமிருந்து முன்பே வந்திருந்தது. மீதி சுமார் 27 லட்சம் பவுண்டை, பொது வேண்டுகோள் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொதுமக்களும் ஆதரவாளர்களும் நிரப்பினார்கள். சேகரிப்பு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமையாகி, அதே ஊரிலேயே இரவலாக வைக்கப்பட்டது. அவ்வளவு பேரன்பும் தேவைப்பட்டதற்குக் காரணம், சேகரிப்பைக் கடன்களிலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக வைக்கும் ஒரு பத்திரம் இல்லாமற்போனது.

ஆதரவாளர் சங்கம் என்ற வழி

தனி உறுப்பினருக்கு வழக்காடும் தகுதி இல்லை என்பது பெர்க்ஷயர் கற்பித்த கசப்பான பாடம். அதற்கு நடைமுறையில் இருக்கும் பதில், அருங்காட்சியகத்திலிருந்து சட்டப்படி தனியான ஆதரவாளர் சங்கம். கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் நண்பர்கள் சங்கம் 1909 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட சங்கத்துக்குச் சொந்த வங்கிக் கணக்கு, சொந்த நிர்வாகக் குழு, சொந்தக் கணக்குத் தணிக்கை இருக்கும். பணத்தைச் சங்கம் வசூலிக்கும். வாங்கிய பொருளை அல்லது கொடுத்த தொகையை ஒப்பந்தத்தோடு அருங்காட்சியகத்துக்குத் தரும். அந்த ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்திட்ட தரப்பு. மேலே சொன்ன, மற்றொரு பொது நிறுவனத்துக்கு முதல் வாய்ப்புத் தரும் நிபந்தனையையும் உரிமை மாறும் வாசகத்தையும் ஒவ்வொரு கொடையாளரும் தனியே எழுதுவதைவிட, சங்கம் ஒரே மாதிரிப் பத்திரமாக வைத்திருப்பது எளிது.

இதிலும் சறுக்கல் உண்டு. சங்கத்தின் செயலாளரும் அருங்காட்சியக ஊழியரும் ஒரே ஆளாக இருந்தால் தனித்தன்மை போய்விடும். சங்கம் அருங்காட்சியகத்தின் அன்றாடப் பற்றாக்குறையை ஆண்டுதோறும் சத்தமில்லாமல் அடைத்தால், கணக்கில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், நிர்வாகக் குழு விழித்துக்கொள்ளாது. எனவே பொது நிதிக்குச் சங்கம் தரும் தொகைக்கு எழுத்தில் ஒரு உச்சவரம்பு வேண்டும். சந்தாவும் ஒரே இடத்தில் வசூலாக வேண்டும். அருங்காட்சியகம் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம் கேட்டால் ஊர் இரண்டுக்கும் தராது.

சங்கம் அருங்காட்சியகத்திடம் முதல் ஆண்டிலேயே கேட்டு வாங்க வேண்டிய ஆவணம் சேகரிப்புக் கொள்கை. அதில் விலக்கல் பற்றிய பகுதியில் விற்ற பணம் எதற்குப் போகலாம் என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் 2022-இல் தன் விதியைத் தளர்த்தி, புதிய பொருள் வாங்குவதோடு சேகரிப்பின் நேரடிப் பராமரிப்புக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்றது. நேரடிப் பராமரிப்பு என்பதில் என்னென்ன அடங்கும் என்று உங்கள் அருங்காட்சியகத்தின் கொள்கை தன் சொற்களில் வரையறுத்திருக்கிறதா, அதை மாற்ற நிர்வாகக் குழுவில் எத்தனை வாக்கு வேண்டும், மாற்றும்முன் சங்கத்துக்கு எத்தனை நாள் அறிவிப்பு என்பதைப் பாருங்கள். அறிவிப்புக் காலம் எழுதப்படவில்லை என்றால் 90 நாள் கேளுங்கள். பெர்க்ஷயரில் தடை கிடைத்த நாளுக்கும் ஏலத்துக்கும் நடுவே இருந்தது 3 நாள்.